குறுக்கை அடைத்த அக்கா

என் படகில் ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் என்னை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள். குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி அமைந்துவிட்டது. மேல் ஊரிலிருந்து டவுனுக்குப் போகும் பயணிகள் படகை ஓட்டுகிறவன் நான். எங்கள் ஆற்றுக்கு நேராகப் போகத் தெரியாது. குடித்தவன் வீடு திரும்புவது போல இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும், கடந்து வந்த இடத்துக்கே மறுபடி வந்து எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட வளைவுகளில் பெரியது ஒன்று உண்டு. படகு அதைச் சுற்றி வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சுற்றி முடித்து வந்து பார்த்தால், புறப்பட்ட இடத்துக்கு முதுகுப்புறம் நிற்போம். நடுவில் இருப்பது ஒடுங்கிய ஒரு துண்டுக் காடு. ஒரு பாட்டைப் பாடி முடிப்பதற்குள் நடந்து கடந்துவிடலாம். அதற்குப் பெயர் குறுக்கு.

படகில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துப் போனவர்கள் மேல் துறையில் இறங்கிவிடுவார்கள். குறுக்கில் நடந்து, நடுவில் இருக்கும் கடையில் டீ குடித்து, நாலு கதை பேசி, கீழ்த் துறையில் போய் நிற்பார்கள். நான் வெறும் படகை ஓட்டிக்கொண்டு வளைவைச் சுற்றி வந்து அவர்களை ஏற்றிக்கொள்வேன். மூட்டை முடிச்சு என்னோடு, மனுஷர்கள் அக்காவோடு. துணிக்காரர் ஒருவர் மட்டும் யாரையும் நம்பமாட்டார். துணி மூட்டையைக் கயிற்றில் கட்டி, குறுக்கு நெடுகத் தரையில் இழுத்துக்கொண்டே போவார்.

கடை வைத்திருந்தவளைக் குறுக்கக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பல்லுப் போன கிழவரும் அக்கா என்பார், இடுப்புக் குழந்தையும் அக்கா என்னும். எனக்கு அவளைவிட ஐந்தாறு வயதாவது கூட இருக்கும், நானும் அக்கா என்றுதான் சொன்னேன். அவள் என்னை டிரைவரண்ணே என்றாள். ஆக, அவளுக்கு நான் அண்ணன், எனக்கு அவள் அக்கா. இந்தக் கணக்கு எந்த வீட்டில் நேராகும் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அந்த இடத்தில் முன்பு மரக் கிடங்கு இருந்தது. அக்காவின் புருஷன் அதில் காவலாளி. காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று உத்தரவு வந்ததும் கிடங்கை மூடிவிட்டார்கள். வேறு வேலை பார்த்துவிட்டு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் என் படகில்தான் போனான். போனவன் போனவன்தான். டவுன் துறையில் இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தான். அக்கா கொஞ்ச காலம் காத்திருந்தாள். பிறகு கிடங்கில் மிச்சமிருந்த பலகைகளை வைத்துக் கடை போட்டாள். பலகைகளில் கிடங்கு எண்கள் கறுப்புப் பெயிண்டில் அப்படியே இருக்குமாம். உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு, பெரிய கெட்டில், பாட்டிலில் ரஸ்க். தூணில் ஒரு கண்ணாடி, அதன் பக்கத்தில் கயிற்றில் கட்டிய சீப்பு. டவுனுக்குப் போகிற பெண்கள் தலை கலைந்து போகக் கூடாது என்று மாட்டி வைத்தாளாம்.

‘இருக்குமாம்’, ‘வைத்தாளாம்’ என்று நான் இழுப்பதைக் கவனித்திருப்பீர்கள். எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான். மேல் துறையில் நீரோட்டம் பொல்லாதது, படகை விட்டு டிரைவர் இறங்க முடியாது, பயணிகளை வைத்துக்கொண்டு கட்டி நிறுத்த நேரமும் கிடையாது. இறங்கினால் படகு தன் பாட்டுக்கு டவுனுக்குப் போய்விடும். அதனால் இத்தனை வருஷத்தில் அவள் கடையில் நான் கால் வைத்ததில்லை. எனக்கான டீயை மூடி போட்ட டம்ளரில் ஊற்றி யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள். நான் வளைவு சுற்றி வந்து சேர்வதற்குள் அது பச்சைத் தண்ணீராகியிருக்கும். "என்ன டீ இது, ஆறிப்போன கஞ்சி மாதிரி! இதுக்கா இந்த ஜனம் இப்படி அடிச்சிக்குது?" என்று ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே குடிப்பேன். குடிக்காமல் இருந்ததில்லை.

டீக்காக அடித்துக்கொள்ளவில்லை என்பது எனக்கும் தெரியும். அவள் விசாரிப்புக்காகத்தான் போனார்கள். யார் வீட்டில் யாருக்கு என்ன என்பது அக்காவுக்கு அத்துப்படி. "அம்மா முட்டி வலி எப்படி இருக்கு?" என்று தையல்காரப் பெண்ணைக் கேட்பாள். "மாமியாரோட சண்டை தீர்ந்துச்சா, இல்ல இடைவேளையா?" என்று இன்னொருத்தியைக் கேட்பாள். துணிக்காரர் மூட்டையைப் பார்த்து, "அதைக் கொஞ்சம் இறக்கி வைங்க, உங்க பொண்டாட்டிகூட இவ்வளவு பத்திரமா இருந்திருக்க மாட்டாங்க" என்பாள். படகில் உம்மென்று வந்தவர்கள் கீழ்த் துறையில் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்லண்ணே, அங்க பேசிட்டிருந்தோம்" என்பார்கள். எனக்கு எரியும்.

கீழ்த் துறைக்குக் கொஞ்சம் முன்னால் ஆறு ஒரு கடைசித் திருப்பம் திரும்பும். அங்கே நான் ஹாரன் அடிக்க வேண்டும். அது காதில் விழுந்ததும் அக்கா ஒரு பழைய இரும்பு டிரம்மின் மூடியைக் கரண்டியால் தட்டுவாள். "படகு திரும்பிடுச்சு, எழுந்திருங்க, எழுந்திருங்க!" என்று விரட்டுவாளாம். மரங்களுக்கு நடுவிலிருந்து அந்த டங்கென்ற சத்தம் எனக்குக் கேட்கும். எங்கள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அவ்வளவுதான்.

பாதையை அவள் கண்ணாக வைத்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வேர் தடுக்கி விழப் பார்த்தாள் என்று கடப்பாரை எடுத்து பாதை நெடுக உள்ள வேர்களையெல்லாம் பெயர்த்துப் போட்டாள். மழை நாளில் சேறு ஆகிறது என்று பாதை ஓரமாகவே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, இரண்டு பக்க ஆற்றுக்கும் தண்ணீர் வடியும்படி செய்தாள். "ரோடு மாதிரி இருக்கேக்கா!" என்று ஜனங்கள் மெச்சினார்கள். நானும் கேள்விப்பட்டு, கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். நல்லதுக்குச் செய்த வேலை, யாருக்கு என்ன தோன்றும்?

பிறகு ஒரு மழைக்காலத்தில் ஆறு என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஏறியது. மேல் துறைப் பக்கம் ஏறிய தண்ணீர் குறுக்கின் மேலேயே வழிந்தது. எந்த வழியாக வழிந்தது என்று நினைக்கிறீர்கள்? அக்கா போட்ட ரோட்டு வழியாகத்தான். வெள்ளம் வடிந்தபோது பாதை இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் ஓடியிருந்தது. ஜனங்கள் சளைத்தவர்களா, அதன் மேல் பலகை போட்டு நடந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அளவம்மா என்று நாங்கள் பேர் வைத்தவர் வந்தார். ஆற்றுப் பாதுகாப்பு ஆபீஸ்காரர். கையில் எப்போதும் அளவுகோல், கழுத்தில் பைனாகுலர். குறுக்கைச் சுற்றிச் சுற்றி அளந்தார், ராத்தங்கலும் அக்கா கடையிலேயே. இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்றாம். ஒருநாள் அவரும் படகில் ஏறி, டவுன் போகிற வழியில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னார்.

"ஆறு வளைவுல வெளிக்கரையைத் தின்னும், உள்கரையில மண்ணைக் கொண்டுவந்து போடும். இந்தக் குறுக்கு ரெண்டு பக்கமும் திருப்பத்தோட வெளிக்கரையில மாட்டிக்கிட்டிருக்கு, அதனால ரெண்டு பக்கமும் தின்னுகிட்டே வருது. மேல காடு வெட்டின இடத்துலேருந்து வெள்ளம் இப்பல்லாம் தடதடன்னு இறங்குது. இன்னும் ஒரு பெரிய வெள்ளம் அந்தப் பள்ளத்துல பாய்ஞ்சா, ஆறு குறுக்கை வெட்டிக்கிட்டு நேரா போயிடும்."

"போகட்டுமே! ஒரு மணி நேரம் மிச்சம்தானே?" என்றார் துணிக்காரர்.

"உங்களுக்கு மிச்சம். வளைவு முழுக்கத் தேங்கின குட்டையாப் போயிடும். வெள்ளக் காலத்துல காட்டுக்குள்ள போய்ப் பழம் தின்னு பெருகுற மீனெல்லாம் அந்த வளைவை நம்பித்தான் இருக்கு. ஆமை முட்டை போடுற மணல் அங்க, நீர்நாய்க் குடும்பம் அங்க. அதோட நேரா இறங்குற தண்ணி சும்மா போகாது, கீழ உங்க டவுன் கரையைக் கடிக்கும். உங்க துணிக்கடை எங்க இருக்கு?"

துணிக்காரர் மூட்டையைக் கிட்டே இழுத்துக்கொண்டார். அவர் கடை ஆற்றங்கரைத் தெருவில் இருக்கிறது.

"ஆறு தானா வெட்டிக்கிட்டுப் போனா அது ஆத்தோட இஷ்டம், நான் தடுக்க மாட்டேன். இங்க நாம கால் வெச்சு வழி காட்டிட்டிருக்கோம்" என்றார் அளவம்மா.

பயணிகள் தலையாட்டினார்கள். அடுத்த நடையில் மேல் துறையில் எல்லோரும் வழக்கம்போல இறங்கி நடந்தார்கள். ஆபீஸ் ஒரு போர்டு நட்டது, வேலி கட்டியது. வேலியில் துணி காயப்போட்டார்கள்.

கடைசியில் அளவம்மா அக்காவிடமே வந்தார். நான் படகை மேல் துறையில் பிடித்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேரும் கரையில் நின்று பேசினார்கள்.

"அக்கா, நீங்க கடை வெச்சிருக்கிற வரைக்கும் ஒருத்தரும் நடக்கறதை நிறுத்த மாட்டாங்க. நடக்கறது நின்னாத்தான் செடி வெச்சுப் பள்ளத்தை மூட முடியும். மூடலைன்னா ஆறு வெட்டறது உங்க கடை வழியாத்தான். செடி வெச்சுப் பாத்துக்கற வேலையை ஆபீஸ்ல உங்களுக்கே தரச் சொல்றேன். இல்ல, டவுன்ல உங்க தம்பி வீட்டுக்குப் போறதானாலும் போங்க."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, என் கடையில உக்காந்து என் டீயைக் குடிச்சிட்டு எனக்கே குழி பறிக்கிறியா? இருக்கவும் முடியாது, போகவும் முடியாதுன்னா நான் என்னதான் செய்யறது? ஜனம் நடந்தா ஆறு வந்துடும். நடக்கலைன்னா யாரு வருவா? சொல்லு, யாரு வருவா?"

அளவம்மா அளவுகோலைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். பொய் சொல்லத் தெரியாத பெண். அக்கா அப்படியே கடைக்குத் திரும்பிப் போய், ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வந்து என் படகில் ஏறினாள்.

முதல் தடவையாக அன்றைக்கு அவள் என்னோடு வளைவைச் சுற்றினாள். அவளும் நானும் மட்டும். பயணிகள் எல்லாம் பூட்டின கடையைத் தாண்டி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தண்ணீரில் சாய்ந்த கிளைகள், மணலில் வெயில் காயும் ஆமைகள், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழுகும் நீர்நாய்கள். பாதி வழியில், "தினமும் இவ்வளவு தூரம் தனியாவா வரீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாவம்" என்றாள். என்னை அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. சுள்ளென்று கோபம் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

தம்பி வீட்டில் அவள் நிலைக்கவில்லை. மாசம் திரும்புவதற்குள் அதே பையோடு டவுன் துறையில் வந்து நின்றாள்.

"என்னக்கா, தம்பி பொண்டாட்டி ஏதாவது சொன்னாங்களா?"

"சேச்சே, தங்கமான பொண்ணு. காலையில எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. சாயந்திரம் வந்து ஆளுக்கொரு ரூமுல போனைப் பாக்கறாங்க. பக்கத்து வீட்டுல ஒரு அம்மா, என்னம்மா நல்லாருக்கீங்களான்னு கேட்டா கதவைச் சாத்திக்குது. அங்க கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா இருக்கணும் டிரைவரண்ணே. என் கடையில திறந்து வெச்சிக்கிட்டுத் தனியா இருந்துட்டுப் போறேன்."

அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

ஆபீஸ் தந்த வேலையை ஏற்றுக்கொண்டு அவள் செய்த முதல் காரியம் கடை பெஞ்சுகளை உடைத்ததுதான். அந்தப் பலகைகளைப் பள்ளத்தின் குறுக்கே அடித்து இறக்கினாள். அளவம்மாவின் ஆட்கள் சுள்ளிக் கட்டுகளைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். தான் வேர் பெயர்த்த இடத்திலெல்லாம் ஆற்றங்கரை மரக்கன்றுகளை நட்டாள், நடுநடுவே பிரம்புக் கொடி. பிரம்பின் முள் சேலையைப் பிடித்தால் விடாது, போர்டைவிட அதற்கு மரியாதை அதிகம். பிறகு மேல் துறையில் வந்து நின்றுகொண்டு, "இறங்காதீங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்ட வாயால் இறங்காதீங்க என்று சொல்வதைக் கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஜனங்கள் லேசில் விட்டார்களா? "ஆபீஸ் வேலை கிடைச்சதும் அக்காவுக்குக் கண்ணு தெரியல" என்றாள் ஒருத்தி. "டீ விக்கிறவங்களுக்கு ஆத்தைப் பத்தி என்ன?" என்றார் துணிக்காரர், அவருடைய கடையைக் காப்பாற்றவும்தான் அவள் நிற்கிறாள் என்பதை மறந்துவிட்டு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இறங்கறவங்க இறங்குங்க, கீழ்த் துறையில நான் நிறுத்த மாட்டேன், நீந்தி வாங்க!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு ஒருவரும் இறங்கவில்லை.

முதலில் கொஞ்ச நாள் அக்கா மேல் துறையில் கையாட்டுவாள். நான் சுற்றி வருவதற்குள் முள்ளுக்கு ஓரமாக நடந்து கீழ்த் துறையிலும் வந்து நிற்பாள். படகில் இருப்பவர்கள், "இப்பத்தானே அந்தப் பக்கம் பாத்தோம்!" என்று சிரிப்பார்கள். ஒருநாள் கீழ்த் துறையில் அவளைக் காணவில்லை. மறுநாள் கேட்டேன்.

"நடந்து நடந்து ஒரு தடம் விழுந்துடுச்சுண்ணே. எல்லாரையும் போகாதேன்னு சொல்லிட்டு நான் போனா நல்லாவா இருக்கு? என் காலும் கால்தானே."

அதிலிருந்து அவள் மேல் துறைப் பக்கம் மட்டும்தான். வாரத்தில் ஒன்றிரண்டு தடவை அளவம்மா வருவார். மற்ற நேரமெல்லாம் செடியும் அவளும்.

என் கதை தலைகீழாகிவிட்டது. இப்போது வளைவு முழுக்கப் படகு நிறைய ஜனம். குழந்தைகள் ஆமையைப் பார்த்துக் கத்தும். தையல்காரப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து மாமனார் கதை சொல்வாள். துணிக்காரர்கூட, மூட்டைமேல் தலை வைத்துத் தூங்குவார். எத்தனை வருஷம் வெறும் படகில் என்னோடு நானே பேசிக்கொண்டு சுற்றினேன்! ஆசைப்பட்டது இதைத்தானே. ஆனால் யாராவது சிரிக்கும்போதெல்லாம், இது அக்கா கடையில் சிரிக்க வேண்டிய சிரிப்பு என்று தோன்றும். அவளுடைய ஜனங்களை நான் தட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெரிய வெள்ளம் வந்தே விட்டது. படகை நிறுத்திவிட்டார்கள். மேல் ஊரில் என் அறையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்குக்கு அக்கரையில் மேடான இடத்துக்கு அளவம்மா அக்காவைக் கூட்டிப் போய்விட்டார் என்று சேதி வந்தது. உயிர் பயம் தீர்ந்தது. குறுக்கு நிற்குமா என்பதுதான் தெரியவில்லை. உடைந்தால் அவள் வீடில்லை, கடையில்லை, காவலுமில்லை, தம்பி வீட்டுச் சாத்தின கதவுதான்.

தண்ணீர் இறங்கியதும் பயணிகள் இல்லாமல் படகை முதலில் நான் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேல் துறையை நெருங்க நெருங்க நீரோட்டம் படகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கையில் பார்த்துக்கொண்டே வந்தேன். நேராக இழுத்தால் போச்சு. படகு பழையபடி வளைவுப் பக்கம் சாய்ந்தது. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். குறுக்கு முழுக்கச் சேறு பூசிக் கிடந்தது. கன்றுகள் பாதி சாய்ந்திருந்தன, பிரம்பு அப்படியே நின்றது. கரையில் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"நின்னுடுச்சு டிரைவரண்ணே!" என்று கத்தினாள்.

படகில் யாருமில்லை, எனக்கு அவசரமுமில்லை. கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுக் கட்டினேன். ஒரு தடவையாவது அந்தக் கடையைப் பார்த்துவிடலாம் என்று காலைத் தூக்கினேன்.

"இறங்காதீங்க! மண்ணு ஈரமா இருக்கு" என்றாள்.

தூக்கின காலைத் திரும்பப் படகிலேயே வைத்தேன். அவளே ஓடிப்போய் டீ கொண்டுவந்து, கரையிலிருந்து எட்டிக் கொடுத்தாள். வழக்கம்போல மடக்கென்று வாயில் ஊற்றினேன். நாக்கு வெந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் அவள் டீ எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல டீ. அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கவா? கடைசித் திருப்பத்துல இப்பல்லாம் நீங்க ஹாரன் அடிக்கறதில்ல."

"யாரைக் கூப்பிடறதுக்குக்கா? எல்லாரும் படகுலயே இருக்காங்களே."

"யாரையும் கூப்பிட வேணாம். அடிங்க. எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு எனக்குத் தெரியணும்ல."

மறுபடி படகு விட்ட அன்றைக்குக் கடைசித் திருப்பத்தில் ஹாரன் அடித்தேன். தூக்கத்திலிருந்து எழுந்த துணிக்காரர், "ஆள் யாருமில்லாத இடத்துல எதுக்குய்யா அடிக்கிற?" என்றார். நான் இன்ஜினைத் தணித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மரங்களுக்குள்ளிருந்து டங்கென்று டிரம் மூடிச் சத்தம் வந்தது. வயசானவர் ஒருவர் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

தையல்காரப் பெண் படகின் ஓரத்துக்குப் போய், இரண்டு கையையும் வாயருகே குவித்து, "அம்மாவுக்கு முட்டி வலி இப்பத் தேவலைக்கா!" என்று காட்டைப் பார்த்துக் கத்தினாள். அவ்வளவு தூரம் கேட்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் இன்னும் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு, ஆளில்லாத கீழ்த் துறையைத் தாண்டிப் படகை ஓட்டினேன்.